கழுத்தில் கத்தி, வாயில் நியாயத்தீர்ப்பு

சலூனில் அவனுக்குத் தீர்ப்பு என்றுதான் பேர். ஆளை உட்கார வைத்து, துணியைப் போர்த்தி, நுரை பூசி, கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்த பிறகுதான் வாயைத் திறப்பான்.

"அண்ணே, இன்னைக்கே போய்ச் சேர்ந்துட்டா ஆண்டவர் முன்னாடி நின்னு என்ன சொல்வீங்க?"

ஆள் என்ன சொல்வான்? "ம்ம்" என்பான்.

"இயேசு உங்களுக்காகத்தான் செத்தார். நம்புறீங்களா?"

"ம்ம்."

அது போதும் அவனுக்கு. "இன்னைக்கு ரெண்டு ஆத்துமா" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவான்.

கடை பெண்டாட்டியின் அண்ணனுடையது. மச்சானோ சாமி, பூதம் எதையும் நம்பாதவர். நெஞ்சில் அடைப்பு, அடுத்த வாரம் ஆபரேஷன். பிழைப்பாரா என்று டாக்டரே இழுத்துத்தான் பேசினார். ஊரில் இருக்கிறவனையெல்லாம் விரட்டிப் பிடித்த தீர்ப்பு, மச்சானிடம் மட்டும் மூச்சு விட்டதில்லை. சோறு போடுகிறவராச்சே.

ஒரு மத்தியானம், கடை காலியாக இருந்தபோது, மச்சானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"மழி மாப்ளே. தபால்காரர் இப்ப சவரத்துக்கு எதிர்க்கடைக்குப் போறார், தெரியுமா?"

"அவரா? போன வாரம்தானே மச்சான் ரட்சிக்கப்பட்டார்!"

"மண்ணாங்கட்டி! கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டுக் கேட்டா எவன் மாட்டேன்னு சொல்வான்? அந்த மனுஷன் உசுரு தப்பிச்சா போதும்னு ஓடியிருக்கார். இனிமே கடையில அந்தப் பேச்சே கூடாது. பேசினா வேற இடம் பாத்துக்க."

தீர்ப்புக்குச் சுருக்கென்றது. அத்தனை ஆத்துமாவும் வெறும் பயமா? இரண்டு கன்னத்தையும் மழித்து முடித்தான். முகத்தைத் துடைத்து, படிகாரம் தேய்த்து, துணியை உதறி எடுத்தான். கத்தியை அலமாரிக்குள் வைத்தான். தெருக்கதவை அகலத் திறந்துவிட்டு வந்து நின்றான்.

"இப்ப உங்க கழுத்துல ஒண்ணும் இல்ல மச்சான். பிடிக்கலேன்னா எழுந்து போங்க. ஆனா நான் சொல்லத்தான் போறேன்."

"வேலை போயிடும் மாப்ளே."

"போகட்டும். நீங்க போயிடக் கூடாது."

"மிரட்டுறியா? உன் ஆண்டவரும் உன்னை மாதிரி கத்தியோடதான் நிப்பாரா?"

"நியாயம் விசாரிப்பார் மச்சான். அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது. ஆனா நம்ம மேல விழ வேண்டிய வெட்டைத் தானே முன்னாடி வந்து வாங்கிக்கிட்டவரும் அவர்தான். இதைச் சொல்லாம உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நான் மனுஷனே இல்ல. நாளைக்கு அவர் முன்னாடி நீங்க நின்னு, 'இவன் ஒரு வார்த்தை சொல்லலியே'ன்னு என்னைக் கை காட்டவா? அதுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்!"

குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். மச்சான் எழுந்தார். கதவுவரை போனார். வெளியே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தெருவே வேடிக்கை பாக்குது. சரி, சொல்லித் தொலை. ஆனா நான் குறுக்கே குறுக்கே கேப்பேன்."

"கேளுங்க."

"எங்கம்மா இதெல்லாம் காதால கேக்காமயே செத்துப் போச்சே, அதுக்கு என்ன தீர்ப்பு?"

"எனக்குத் தெரியல மச்சான். அது அவர்கிட்ட. ஆனா நீங்க கேட்டாச்சு. இனிமே கேக்கலேன்னு சொல்ல முடியாது" என்றான். தீர்ப்பு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.