தாமரைக்காரியின் விரல்கள்

ஐம்பத்தொரு வயதில், நாலு பேர் மதிக்கிற நான், அடுத்த வீட்டுச் சாமி படத்தைக் கண்ணாடி இல்லாத சட்டத்திலிருந்து கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். பழைய சிகரெட் அட்டைகளைச் சேர்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. ஒரு காலத்தில் பெட்டிக்கு ஒன்றாக உள்ளே வைத்துக் கொடுத்த சின்ன வண்ணப் படங்கள் அவை. முன்பக்கம் ஓவியம், பின்பக்கம் வியாபாரம்.

புலாவ் செபாங் என்கிற எங்கள் சிற்றூரில் பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை ஊரே கிராணியம்மா என்றுதான் கூப்பிடும். அந்த அம்மாவின் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மகாலட்சுமி இருந்தாள். மாமனார் காலத்தில் துரை பங்களாவிலிருந்து வந்தவளாம். தாமரைக் குளம், ரோஜா நிறச் சேலை, வலக்கை விரல்களின் மேல் மட்டும் தடியாக அப்பிய குங்குமம். படத்தின் அளவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

கிராணியாருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த அன்று காலையில் கிராணியம்மா வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார். “முடிஞ்சிருச்சின்னு டாக்டர் சொல்ற வரைக்கும் விளக்கு அணையக்கூடாது தம்பி. நீ படிச்ச பிள்ள, பொறுப்பா பாத்துக்குவே.”

படித்த பிள்ளை பத்து நிமிடம் பொறுப்பாகத்தான் இருந்தது. பிறகு படத்தைக் கழற்றினேன். பின்பக்கம் பொடி ஆங்கிலத்தில், நெஞ்சுக்கு இதமான புகை என்று எழுதியிருந்தது. இருபத்தைந்து அழகிகளில் இவள் ஏழாவதாம். முன்பக்கத்தைத் துடைத்ததும் குங்குமம் கரைந்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சிகரெட் வெளியே வந்தது.

சிரிக்க வாயெடுத்தபோது போன் அடித்தது.

“உள்ள கொண்டு போயிட்டாங்க தம்பி. விளக்கு எரியுதுதானே? அம்மா மொகத்தப் பாத்து எனக்காக ஒரு வார்த்த சொல்லு.”

பார்த்தேன். எங்கோ ஓர் அச்சகத்தில், பெயர் போடாத யாரோ ஓர் ஓவியன் புகையிலை விற்பதற்காக வரைந்த கண்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்க்கும்படி வரைந்திருந்தான்; வாங்குகிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டுமே. அந்தக் கண்களை நம்பித்தான் இந்த வீட்டில் பிரசவமும் பரீட்சையும் நடந்திருக்கின்றன. இன்று அதே கண்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. சாமி இல்லை என்று கூட்டங்களில் மேடையேறிக் கைதட்டு வாங்கிய நான் ஈரத்துணியைக் கீழே போட்டேன். ஒரு மனிதரின் நெஞ்சில் கத்தி இறங்குகிற நேரத்தில், காவலுக்கு இருந்தவளை வேலையை விட்டு நீக்கியிருந்தேன். அவருக்கு ஏதாவது ஆனால்?

குங்குமத்தைத் திரும்ப வைக்கப் போனேன். அவசரத்தில் அவள் மூக்கில் வைத்தேன். பன்னிரண்டு மணி ஆனது, ஒன்றரை ஆனது. போன் வரவில்லை. திரியைத் தூண்டினேன், எண்ணெய் ஊற்றினேன், தெருவில் தம்பின் டவுனுக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தாலும் எழுந்து நின்றேன். கடைசியில் அந்தச் சிகரெட்காரியிடம் வாய்விட்டுக் கெஞ்சினேன். என்ன சொல்லிக் கெஞ்சினேன் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

இரண்டு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. கிராணியார் பிழைத்துவிட்டார்.

சாயங்காலம் கிராணியம்மா வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூக்கில் குங்குமத்தோடு இருந்தவளை வாங்கி, முந்தானையால் துடைத்தார். “சிகரெட்டா? தெரியும்லா. வெள்ளிக்கிழமை தவறாம அங்க குங்குமம் வைக்கிறதே நான்தானே,” என்றார். பிறகு, வேர்த்து நின்ற என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

“கையில வச்சிருந்தா என்ன தம்பி? இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளாவது பத்த வச்சிருக்காளா?”