எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சூடு

வந்தாறுமூலைக்கு அப்பால், வயல் வட்டைகளுக்கு நடுவே தண்டவாளம் நேராகப் போகும் ஓரிடத்தில் எங்கள் பரிசோதனைக் கொட்டில் இருந்தது. அங்கே இரண்டு கருவிகள். ஒன்று தண்டவாளத்தோடு இறுக்கிப் பூட்டியது. பழுதான சக்கரம் தண்டவாளத்தில் தட்டும் தட்டை அது பிடித்துக்கொள்ளும். மற்றது தரையோடு பதிந்து கிடக்கும் ஒரு கண். ரயில் கடக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் பேரிங்கும் எவ்வளவு சூடாக இருக்கிறதென்று அண்ணாந்து பார்த்துச் சொல்லும். பேரிங் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் அச்சு முறியும், பெட்டி தடம் புரளும். அதற்கு முன்னால் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவதுதான் எங்கள் வேலை.

வாணி விழாவன்று காலையில் கொட்டிலில் சரஸ்வதி பூசை. என்னோடு வேலை செய்த அக்கா என்னைவிடப் படித்தவர், என்னைவிடப் பக்தியும் கூடியவர். கணினி, ஸ்பானர், என் மோட்டார் சைக்கிள் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். இதில் புதினம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற எந்தச் சாமானும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்காது. நான் அவலும் கடலையும் இருந்த தட்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அன்று வந்த ரயில்களில் ஒரு குறையும் தெரியவில்லை.

"பாத்திங்களா தம்பி, பூசை செஞ்ச கையோட எல்லாம் நல்லா இரிக்கு," என்றார் அக்கா.

"ஓம், சக்கரத்துக்கும் சரஸ்வதி அருள் கிடைச்சிட்டு," என்று நானும் பகிடி விட்டேன்.

மாலை ரயிலில் என் மனைவியும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். மனைவியின் தங்கைக்கு அங்கே கலியாணம். வெளியே நின்று கை காட்ட வேண்டும் என்பது மகளின் கட்டளை. நின்றேன். இரண்டாவது பெட்டி யன்னலில் அவளுடைய சின்னக் கை மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தால், திரையில் அதே பெட்டியின் ஒரு சக்கரம் சிவப்பாக நின்றது. தண்டவாளத்தில் தட்டு பலமாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் சூடு இல்லை என்றது கண்.

"கண் நல்லமெண்டுதானே சொல்லுது, விடுங்க," என்றார் அக்கா.

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றைய கணக்கை முழுவதும் திறந்து பார்த்தேன். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சூடு. வெயில் பட்ட பக்கமும் நிழல் பக்கமும் ஒன்று. ஓடி வருகிற ரயிலுக்கு அப்படி வரவே வராது. பாய்ந்து போய்க் கண்ணுக்கு முன்னால் குனிந்தேன். கண்ணாடி முழுக்கச் சந்தனம், காய்ந்து இறுகி, நடுவில் வடிவாக ஒரு குங்குமப் பொட்டு. நாள் முழுக்க அது சந்தனத்தின் சூட்டைத்தான் அளந்திருக்கிறது.

"ஐயோ, அதுட முகம் எண்டு நினைச்சித்தானே வெச்சன்!" என்று அக்கா பின்னால் நின்று அலறினார்.

ஸ்டேஷனுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சூடு காட்டுது?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"சூடு தெரியா. தெரியாதபடியாத்தான் மறிக்கச் சொல்லுறன். உங்கட ஸ்டேஷனுக்கு அங்கால காடு. ரெண்டாவது பெட்டி, பின்சக்கரம். கைய வெச்சிராதிங்க!"

பிறகு காத்திருந்தேன். இருப்புக்கொள்ளவில்லை. மனைவிக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தால் அக்காவை ஏசியிருப்பேன். அவர் சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தார்.

போன் வந்தது. "பேரிங் புகையுது. பெட்டியக் கழட்டுறம். ஆக்களுக்கு ஒண்டுமில்ல."

அப்படியே சரளைக் கல்லில் இருந்துவிட்டேன். "தப்பிட்டாங்கக்கா," என்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுபடி போன். இந்த முறை மனைவி.

"உங்கட வேலதானா இது? எங்கள எறக்கி மத்தப் பெட்டியில ஏத்திட்டாங்க. நிக்கவும் எடமில்ல. கால் கடுக்குது. பிள்ள தோள்ல நித்திர."

ஏச்சு இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. ஓம், ஓம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

"பிள்ளைட்ட போனைக் குடு," என்றேன்.

"நித்திர எண்டுறன், மறுகா என்ன?"

"பரவால்ல. அவட மூக்குக்குப் பக்கத்தில புடி."

பிடித்தாள். ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மகளின் மூச்சு கேட்டது.