நூற்றுக்கு நூறு என்று சொல்லாத கலைச்செல்வி

கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது போன் வந்தது. நண்பர்களே, நம்மோடு கல்லூரியில் படித்த ரூபாதான் பேசினாள். "கலை போயிட்டாடி. மஞ்சக்காமாலை முத்திப்போச்சாம். காலைல ஆஸ்பத்திரியிலயே." நான், "எந்தக் கலை?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவது கலையாக இருந்துவிடக் கூடாதா என்றுதான் கேட்டேன்.

நம் வகுப்பில் குற்றவியல் பட்டப்படிப்பைத் தேடி வந்து சேர்ந்தவள் கலைச்செல்வி ஒருத்திதான். நம்மில் மற்றவர்களுக்கெல்லாம் பி.காம். கிடைக்கவில்லை, வந்து விழுந்தோம். அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் பிளஸ் டூ படிக்கும்போது, கூரத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஊரில், மேல்சாதிக்காரர்களின் ஊர்த்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு பைக்கில் போனான் என்பதற்காக அவளுடைய அண்ணன் சாமுவேலை ஒருவன் கட்டையால் அடித்துக் கொன்றான். கண்ணால் பார்த்தவள் இவள் மட்டும். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது. "கோர்ட்டுல இன்னா நடக்குதுன்னே எங்கம்மாவுக்குப் புரியல. வூட்ல ஒருத்திக்காவது புரியணும்ல?" என்று முதல் வாரமே என்னிடம் சொன்னாள். நமக்கு உறவுக்காரர்கள் வைத்த வேலை தெரியுமே, போலீஸ் பிடித்த பைக்கை மீட்டுக் கொடு என்று வந்து நிற்பார்கள். அவள் வீட்டில் மட்டும் அந்தப் படிப்பை நம்பினார்கள்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். பாடம் நடக்கும்போது யாரோ ஓர் ஆள் உள்ளே புகுந்து, பேராசிரியரின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அலறினோம். அது அவரே ஏற்பாடு செய்த நாடகம். வந்தவன் எப்படி இருந்தான் என்று எழுதச் சொன்னார். ஒருவர் எழுதியதுபோல் இன்னொருவர் எழுதவில்லை. நாம் சிரித்தோம். கலை சிரிக்கவில்லை. அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை, இவள் நீலம் என்று எழுதியிருந்தாள். அன்று ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாள்: "அப்போ எங்க அண்ணன் விஷயத்துல நான் பாத்ததும் இப்படித்தானா?" சும்மா இருடி, அது வேறு இது வேறு என்று சொல்லி வாயை அடைத்தேன். அவள் மனத்தை யாரால் அடைக்க முடியும்?

நாம் பட்டம் வாங்கி நெடுநாள் கழித்துத்தான் அவளைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்று நான் லீவு போட்டுவிட்டுப் பின் வரிசையில் அவளுடைய அம்மா எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அடித்தவனைக் கைகாட்டினாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "சாயங்காலம் இருட்டிக்கிட்டு வர்ற நேரம். இவர்தான்னு உங்களால நூத்துக்கு நூறு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். படிக்காத பெண்ணாக இருந்தால் முடியும் என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பாள். இவள் யோசித்தாள். "நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்கய்யா. மனுசங்க ஞாபகம் அப்படிப்பட்டது இல்ல. ஆனா நான் பாத்தது இவரைத்தான்." வக்கீல் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என்ன நடந்தது என்று எஸ்தர் அம்மாவுக்கு அப்போது புரியவில்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விட்டுவிட்டார்கள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் நான் அவளைத் திட்டினேன். "முடியும்னு ஒத்த வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடி?" அவள் அழவில்லை. "திரும்பக் கேட்டாலும் அதையேதான்டி சொல்வேன். இனிமே யாரும் கேக்கக் கூடாதுன்னுதான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எஸ்தர் அம்மா அவளோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுவார், அவ்வளவுதான். மேல்முறையீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால், சாட்சியே இப்படிச் சொன்ன பிறகு நிற்காதும்மா என்று வக்கீல்கள் கைவிரித்தார்கள். கலை காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். அவள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில்தான் விடுதலையான அவனும் நிற்பான். "வணக்கம்கூட வெச்சான்டி" என்று ஒருநாள் சொன்னாள். உடம்பு மஞ்சளாகிக்கொண்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடக்கத்துக்கு நம்மில் நாலைந்து பேர்தான் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் எஸ்தர் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீயும் அதே படிப்புதானேம்மா. நீ சொல்லு. அவ அன்னிக்கு அவனைப் பாத்தாளா, இல்லியா?"

"பாத்தாம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"நூத்துக்கு நூறு தெரியும்மா" என்றேன். நான் அந்த இடத்தில் இல்லவே இல்லை.

அவர் என் கையை விட்டார். பிறகு, "எங்கிட்டகூட அவ அப்படிச் சொல்லலியேம்மா. எத்தினி வாட்டி கேட்டேன்" என்றார்.

நண்பர்களே, கலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: செத்த அண்ணனுக்காகக்கூட, பெற்ற தாய்க்காகக்கூட ஒரு சொல் கூட்டிச் சொல்லாத வாய். அதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.