தம்பி பறக்காத சனிக்கிழமைகள்

தம்பியை அடக்கம் செய்து ஓராண்டு நிறையப் போகிறது. நினைவு மலரில் மூத்தவன் எழுதுவது வழக்கம். பிறந்த இடத்தில் தொடங்கி, குணங்களைச் சொல்லி, நன்றியில் முடிக்க வேண்டும். அந்த வரிசையை நான் மீறப் போவதில்லை. எதையும் மீறாமலே எவ்வளவு கேடு செய்ய முடியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தம்பி தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவருடைய பள்ளி, கல்லூரி விண்ணப்பங்களை நான்தான் பூர்த்தி செய்தேன். பிழையென்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. குரோம்பேட்டையில் அறிவியல் ஆசிரியரானார். பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றாத ஆசை அவருக்குத் தோன்றியது. பறக்கக் கற்க அரசு மானியம் இருந்த காலம். மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்று, சொந்த விருப்பத்துக்குப் பறப்பவர்களுக்கான உரிமம் வாங்கினார். நான் வேலை பார்த்ததோ அத்தகைய உரிமங்கள் புதுப்பிக்கப்படும் அலுவலகத்தில். ஒருமுறைகூட விமானத்தில் ஏறாமல் விமானிகளைத் திருத்தும் பணி.

பத்து வருடம் தம்பிக்குச் சனிக்கிழமை தவறியதில்லை. விடிந்ததும் மின்ரயில் ஏறிவிடுவார். அரை மணி நேரம் பறப்பார். எங்கும் போக மாட்டார். ஏறுவார், ஒரு வட்டம் அடிப்பார், இறங்குவார், மறுபடி ஏறுவார். இன்ஜின் நின்றுவிட்டதாகப் பாவித்து இறங்கிப் பழகுவார். ரயிலில் கூட வரும் பம்மல் தோல் பதனிடும் ஷாப் மேஸ்திரி ஒருநாள் கேட்டாராம்.

"இன்னா சார், வாரா வாரம் போறே. எங்கதான் போய் எறங்குனே?"

"கிளம்பின எடத்துலதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் ஏரோப்ளேன்? ராட்டினத்துல குந்திகினா போதாது?"

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் தம்பி.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அதே சமயம் தம்பி தலைமையாசிரியரானார்; சனிக்கிழமைகளைப் பள்ளி எடுத்துக்கொண்டது. உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியபோது என்னிடம் வந்தார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது போகணும் அண்ணா. விட்டுப்போச்சு."

"ரூல்ல வாரம்னு எங்கடா இருக்கு? மணிக்கணக்குதானே கேக்குறாங்க. புதுச்சேரி பக்கம் நேரா போ, நேரா வா. மணி சேர்ந்துடும்."

என் பேச்சைத் தட்டாதவர். அப்படியே செய்தார். மணி சேர்ந்தது. அத்தனை மணியில் அவர் எத்தனை முறை தரையிறங்கினார் என்று நான் எண்ணவில்லை. எண்ண ஒரு கையின் விரல்களே போதும். விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். வழக்கம்போல் அதுவும் திரும்பி வரவில்லை.

நான் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக என்னை மேலே அழைத்துப் போவதாகச் சொன்னார். உங்களில் பலர் அன்று புளிசாதப் பொட்டலங்களோடு மீனம்பாக்கம் வேலியோரம் வந்து நின்றீர்கள். அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் எங்களிடம் வந்தார்.

"சார் பறந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. முதல்ல நான் கூட உக்காந்து ரெண்டு ரவுண்டு போயிட்டு வரோம். அப்புறம் அண்ணனை ஏத்திக்கலாம்."

தம்பி சரியென்று தலையை ஆட்டத் தொடங்கினார். பதில் சொன்னது நான்.

"லைசென்ஸ் செல்லும். இது எந்த ரூல்ல இருக்குன்னு காட்டுங்க மாஸ்டர். சொந்தக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க."

"ரூல்ல இல்ல சார்," என்று அவர் விலகிக்கொண்டார்.

பல்லாவரம் மலையும் ஏரிகளும் கீழே தெரிந்தன. நான் ரசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். திரும்பி இறங்கும்போது கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. சக்கரம் தரையைத் தொட்டு விமானம் துள்ளியது. உடனே இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். அத்தனை சனிக்கிழமைகளில் தம்பி அனிச்சையாகச் செய்து பழகியது அதுதான். அன்று அவர் கை வேகம் கூட்டும் நெம்புகோலின் மேல் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன். ஒரு நொடிதான். இறக்கை தரையில் இடித்தது.

எனக்குக் கால் முறிந்தது. தம்பி ஒன்பது நாள் இருந்தார். காற்றின் குற்றம் என்று நான் தேற்றப் பார்த்தேன்.

"காத்து எப்பவும் அடிக்கிற காத்துதான் அண்ணா. கை யோசிச்சுது. கை யோசிக்கக் கூடாது." சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "மாஸ்டரை யாரும் எதுவும் சொல்லாம பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளவில்லை. பழக்கம் விட்டுப்போனவரைப் பறக்க விட்டார் என்று நீங்கள் பயிற்சியாளரைப் பேசினீர்கள். அடக்கத்தன்று மாலையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். மாவுக்கட்டோடு ஜன்னலோரம் கிடந்த நான் அதைப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. விசாரணையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பிழையின்றிப் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்வது என் பழக்கம் இல்லை. இந்த ஓராண்டில் ஒருநாளாவது தூங்கினேனா என்று யாரும் கேட்கவில்லை; அதனால் அதையும் சொல்லவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தம்பியின் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு பகல் முழுவதும் வைத்திருந்தாள். "ஒரு வார்த்தையும் எடுக்காதீங்க அத்தான்," என்று மட்டும் சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலி தாண்டி ஓடிவந்து எங்களை வெளியே இழுத்தவர்களுக்கும், ஒன்பது நாளும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜெபித்த போதகருக்கும், தம்பியின் சக ஆசிரியர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. பயிற்சியாளருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நினைவு ஆராதனைக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன்.

"நான் வந்தா எல்லாருக்கும் சங்கடம் சார்."

"மலரை முன்னாடியே தபால்ல அனுப்பிடுறேன் மாஸ்டர். எல்லாரும் படிச்சிருப்பாங்க. அப்பவும் வெளியில நிறுத்தினா, என்னையும் சேர்த்துத்தான் நிறுத்துவாங்க."

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆராதனையன்று காலை நான் தேவாலய வாசலில் அவருக்காக நிற்பேன். அவர் வராமல் நான் உள்ளே வர மாட்டேன்.