கேழ்வரகின் மேல் போட்ட பழி

அந்தப் போனை எரித்தது நான்தான். பழியை ஒரு விதவையின் தலையில் போட்டேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அரூரில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தண்ணீரில் விழுந்த போன் என்றால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். கைராசிக்காரன் என்று பெயர்! அந்தப் பெயர்தான் என் கண்ணை மறைத்தது.

தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் பெயர் செல்வி. போர்வெல் லாரியில் வேலை செய்த அவள் கணவன், ஊருக்கு வந்திருந்தபோது மோட்டாரைப் பார்க்கக் கிணற்றில் இறங்கி, வழுக்கி விழுந்து இறந்துபோனான். போன் அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

"வெளியூர்ல இருக்கறப்ப பாப்பாகிட்டப் பேசற மாதிரி வீடியோ எடுத்து வெப்பாருங்கண்ணா. எங்கிட்ட பட்டன் போன்தானுங்க, அனுப்ப முடியாது. வூட்டுக்கு வந்துதான் காட்டுவாரு. பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு... அவங்கப்பன் குரல் இதுல மட்டும்தாங்க இருக்குது. போன் ஓடலைன்னாலும் பரவால்லைங்க, அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

"நான் இருக்கறேன், விடும்மா. போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றேன். என்ன திமிர் எனக்கு!

நனைந்த போனுக்கு மின்சாரம் காட்டவே கூடாது. பிரித்து, பேட்டரியைக் கழற்றி, போர்டை ஸ்பிரிட்டில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லும் பாடம் இது. அன்று செய்தேனா? உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று நேராகச் சார்ஜரைச் செருகினேன்!

திரை ஒளிர்ந்தது... ஒரு குழந்தையின் படம் வந்தது... ஐயோ, எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது! அடுத்த கணம் கருகல் வாடை. மெயின் ஐசி எரிந்துபோனது. அது போனால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

பதறிப்போய்ப் பிரித்தேன். ஓரத்திலிருந்து நாலைந்து கேழ்வரகு மணிகள் உருண்டன. அதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"இதை எதுலம்மா போட்டு வெச்ச?"

"அரிசியில போட்டா ஈரத்தை இழுத்துக்கும்னாங்க... அரிசி கொஞ்சமாத்தான் இருந்துச்சு. அதான் ராகி டிரம்முல போட்டேங்க."

"அட, கெடுத்தியே! ராகி உள்ள பூந்து போர்டே போயிடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! கேழ்வரகுக்கும் அந்தக் கருகலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ஆளுதான் போயிட்டான்... அவன் குரலையும் டிரம்முல போட்டுப் பொதைச்சிட்டியே!"

செல்வி அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏன் வாய் திறக்கவில்லை? கடைப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் மாமியார் இதைத்தான் எடுக்கிறாளாம். அவர்கள் ஊர்க்காரர்கள் போன் கொண்டு வரும்போது சொல்வார்கள். அவர்களை என்னிடம் அனுப்புவதே செல்விதான்! "எதுலயும் போட்டு வெக்காதீங்க, நேரா அந்த அண்ணங்கிட்டக் கொண்டு போங்க" என்பாளாம்.

போன மாதம் குழந்தையோடு கடைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் ராகியில போடாம அப்படியே கொண்டாந்திருந்தா... வந்திருக்குமாங்க?"

இப்போதாவது சொல்லித் தொலையடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடையில் வேறு ஆளே இல்லை. சொல்லியிருக்கலாம்...

"வந்திருக்கும்மா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்பா எப்படிப் பேசுவாருன்னு பாப்பா கேக்குதுங்க. அம்மாதான் கெடுத்துட்டேன் சாமின்னு சொல்லிட்டேன்."

இனி அந்தக் குழந்தைக்கும் என் பொய்தான் தெரியும். மறுநாள் வழக்கம்போல் கடையைத் திறந்தேன்.