வெட்டாத வீடியோ

என் வீட்டுக்காரர் முகேஷுக்குக் கை சும்மா இருக்காது. எதைக் கொடுத்தாலும் வெட்டிவிடுவார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு முன் அறைதான் அவருடைய ஸ்டூடியோ. தாய்மாமன் கொட்டாவி விடுவதை வெட்டுவார், பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு கேமராவைப் பார்ப்பவர்களை வெட்டுவார், மந்திரத்துக்கு நடுவில் போன் எடுக்கிற ஐயரை வெட்டுவார். வேலை முடிந்து கல்யாண வீட்டில் ஒப்படைத்த அன்றே வெட்டாத ஒரிஜினலை அழித்துவிடுவார். "ஹார்ட் டிஸ்க் என்ன சத்திரமா, வந்தவன்லாம் படுத்துக்க?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வியாதி. அதன் பெயர் ரகுராம். என் தங்கை தர்ஷினியின் கணவர், இவருக்குச் சகலை.

ரகுராமுக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐடி வேலை, அபார்ட்மென்டில் வீடு, கீழே நீச்சல் குளம். போன தீபாவளிக்கு எங்கள் அப்பா கோவிந்தப்பாவுக்குச் சுவரையே மறைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டினார். அதே தீபாவளிக்கு இவர் எடுத்துப் போனது ஒரு வேட்டி. வேட்டியை யார் பார்த்தார்கள்? வீடு திரும்பும் வழியெல்லாம், "அவ்ளோ பெரிய டிவிய கிட்ட உக்காந்து பாத்தா மாமாவுக்குக் கண்ணு போயிடும், பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நான் மட்டும் யோக்கியமா? தர்ஷினி வீட்டு பால்கனியில் நின்று அந்த நீலத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தங்கைதான். இருந்தாலும் எரியும்.

ஆடி மாதம் இவர் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு மூச்சை நிறுத்தியது. அது இல்லாமல் வீடியோ ஓடாது, வேலை நடக்காது. ஆவணி முகூர்த்தங்கள் வரிசையில் நிற்கின்றன. காக்ஸ் டவுன் ஜாய்சன் தன் தங்கை கல்யாண வீடியோவுக்கு ஏற்கெனவே அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு ரகுராம் போன் செய்தார். "என்கிட்ட பழைய கார்டு ஒண்ணு சும்மா கெடக்குது சகல. கேம் ஆட வாங்குனது. எடுத்துட்டுப் போங்களேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் போனை வைத்ததும் இவர் குதித்த குதி இருக்கிறதே! "அவன் வெளையாடிட்டுக் கழிச்சுப் போட்டதுல நான் சோறு சம்பாதிக்கணுமா?" என்று கத்திவிட்டு, ஆன்லைனில் ஊர் பேர் தெரியாத ஒரு கடையில், இருப்பதிலேயே மலிவான புது கார்டு ஒன்றை ஆர்டர் போட்டார்.

கார்டு வந்த அன்று வீட்டில் தேங்காய் உடைக்காத குறை. பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைக்கவும் என்று பெட்டி மேலேயே எழுதியிருந்தான் கடைக்காரன். வீடியோ எடுக்க இவருக்குச் சொல்லவா வேண்டும்? பெரிய கேமராவை எடுத்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி லைட் பிடிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா, சகலையும் பார்க்கட்டும் என்று போன் போட்டார். "லிங்க் அனுப்புறேன், லேப்டாப்ல பெருசா பாக்குறேன்" என்றார் ரகுராம். போனை ஸ்டாண்டில் நிறுத்திய கையோடு அதன் சத்தத்தை அடியோடு குறைத்தார் இவர். "அவன் குரல் என் வீடியோவுல விழக் கூடாது, லாவண்யா."

அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ ஏறியது. நாதஸ்வரம் முழங்க, பெட்டி மெதுவாகத் திறக்க, உள்ளேயிருந்து புகை வர, கார்டு சாமி மாதிரி எழுந்தருளியது. அப்பா கும்பிடு போட்டார். ரகுராம் ஒரே ஒரு கட்டை விரலைப் போட்டார். அந்தக் கட்டை விரலைப் பார்த்துப் பார்த்து இவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ஜாய்சன் வீட்டுக் கல்யாணத்தை ஏற்றினார். திரை முழுக்கப் பச்சைக் கோடுகள். கல்யாணப் பெண்ணின் நெற்றி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கார்டைக் கழற்றிப் பார்த்தால் அதில் இருந்த நம்பர் ஒன்று, பெட்டியில் இருந்த நம்பர் வேறு. எவனோ உபயோகித்துத் தூக்கிப் போட்டதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ரிட்டர்ன் கேட்டு, குரூப்பில் போட்ட அதே வீடியோவை அனுப்பினார். அந்தக் கடையின் கஸ்டமர் கேரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கன்னடப் பெண், தமிழும் பேசினாள்.

"ஆகல்ல சார். எடிட் பண்ண வீடியோ செல்லாது. பெட்டிய பிரிக்கறதுல இருந்து கார்டு நம்பர் வரைக்கும் ஒரே ஷாட்டா இருக்கணும். நடுவுல நீங்களே கார்டை மாத்தியிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? புகை வேற வருது."

"அது எஃபெக்ட் மேடம்!"

"ஒரிஜினல் அனுப்புங்க சார். நாளையோட ரிட்டர்ன் முடியுது."

ஒரிஜினல் எங்கே இருக்கிறது? அன்றைக்கே சத்திரத்தை விட்டுக் கிளம்பிவிட்டதே. இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சொல்லி வைத்தாற்போல ஜாய்சன் போன் செய்தான். "முடியாதுன்னா சொல்லிடுங்க ப்ரோ, வேற ஆள் பாத்துக்கறோம்."

எனக்குத்தான் பொறி தட்டியது. ஆபீஸ் பழக்கத்தில், ரகுராமின் லேப்டாப்பில் எந்த வீடியோ கால் வந்தாலும் தானாக ரெக்கார்ட் ஆகும் என்று தர்ஷினி ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். சொன்னேன். இவர் முகம் சுருங்கிப் போனது.

"அவன்கிட்ட போயி கேக்கறதுக்கு இந்தக் கார்டை அல்சூர் ஏரியில போட்டுடலாம்."

"போடுங்க. ஆவணி முகூர்த்தத்தையும் சேர்த்து மூட்டை கட்டிப் போடுங்க."

முறைத்துக்கொண்டே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ரெக்கார்டிங் இருக்கு சகல" என்று இழுத்தார் ரகுராம். "ஆனா கொஞ்சம் கட் பண்ணி அனுப்பட்டுமா? நடுவுல எங்க வீட்டுப் பேச்செல்லாம்..."

"கட் பண்ணா எடுக்க மாட்டாங்களாம் சகல."

"சத்தத்த மட்டும் எடுத்துடறேனே?"

"எதையும் தொடக் கூடாதாம்."

அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஏதோ பேச்சு. பிறகு தர்ஷினியின் குரல் கேட்டது. "அனுப்பிடுங்க. அவங்க வேலை நிக்குது."

வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் ஒரு பாதி நாங்கள், மறு பாதி அவர்கள். பெட்டி பிரிகிறது, நம்பர் தெரிகிறது, எல்லாம் ஒரே ஷாட்டில் இருக்கிறது. இவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்போது என் குரல் வந்தது. "தர்ஷினி பாக்கறாளா? நல்லா கிட்ட காட்டுங்க. அவங்க வீட்டுல மட்டும்தான் புதுசு வருமா? எரியட்டும் வயிறு."

ஐயோ! இந்த மனிதர் போனில் அவர்கள் குரலைத்தான் குறைத்தார். எங்கள் குரல் அங்கே கேட்காமல் இருக்க என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை.

தன் குரல் இங்கே கேட்காது என்ற தைரியத்தில், மறு பாதியில் ரகுராம் தர்ஷினி பக்கம் திரும்பினார். "கேட்டியா? புதுசா எரியணுமாம். எனக்கு எப்பவோ எரியுது. நான் வாங்கிக் குடுத்த டிவியில உங்கப்பா என்னத்தப் பாக்கறாரு? நம்ம கல்யாண வீடியோவ. வர்றவங்ககிட்டல்லாம் பெரிய மாப்ள பண்ணதுங்கறாரு. டிவி யாரு வாங்குனாங்கன்னு ஒரு வார்த்த வருதா? தாலி கட்டுனது நான், பேரு அவருக்கு! இந்தக் கார்டும் வந்துட்டா இனி ஆளப் புடிக்க முடியாது. புட்டுக்கணும்டி அது, பாத்துக்கோ."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். பட்டேவிட்டது. ஆனால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து வந்தவர் மாதிரி பளபளத்தது. "பேரு எனக்காம்டி! மாமா தெனமும் பாக்கறாராம்டி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இருங்க, இன்னும் முடியல" என்றேன். தர்ஷினி திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா பக்கத்துல நின்னு லைட் புடிக்கறா, பாருங்க. என்னை எதுக்காவது கூப்பிட்டுப் பக்கத்துல நிக்க வெச்சிருக்கீங்களா? இந்த வீட்டுல நானும் அந்த நீச்சல் குளமும் ஒண்ணு. வர்றவங்களுக்குக் காட்டத்தான்."

இவர் மறுபடி பின்னால் ஓட்டி ரகுராம் பேசிய இடத்தைப் போட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு தர்ஷினி பேசிய இடத்தைப் போட்டேன். பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வெட்டாமல் அப்படியே கடைக்கு அனுப்பினோம். மறுநாள் காலையிலேயே அதே பெண் கூப்பிட்டாள். "ஆய்த்து சார், வேற கார்டு அனுப்பறோம்" என்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முழுசா பாத்தோம் சார், ஆபீஸ்ல எல்லாரும்" என்றாள். பார்க்கட்டும். புது கார்டு ஒழுங்காக வந்தது. ஜாய்சன் தங்கையின் நெற்றியும் வாயும் ஒரே முகத்தில் சேர்ந்தன. ஆவணி முழுக்க இவருக்கு மூச்சு விட நேரமில்லை.

நேற்று தர்ஷினி போன் செய்தாள். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா... அந்த வீடியோவ மாமா அழிச்சிட்டாரு இல்ல?"

"அன்னிக்கே அழிச்சிட்டாருடி. உனக்குத் தெரியாதா அவரப் பத்தி? எதையும் வெச்சுக்க மாட்டாரு."

சொல்லிக்கொண்டே ஒரு கையால் போனை இறுக்கிப் பொத்தினேன். முன் அறையில், புது கார்டில் கொஞ்சமும் திக்காமல், ரகுராமின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வருவது தர்ஷினி பேசும் இடம். நிறுத்திவிடாதீர்கள் என்று இவருக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டினேன்.