டோக்டோசுனுக்குக் குழி தோண்ட ஆளில்லை

சைராகான் வேதம் படிக்க என் வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் வருவாள். பால் கறந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே உட்காருவாள். ஜெபம் என்றால் அவளுக்கு ஒரே விண்ணப்பம்: தேவனே, ஞானம் கொடும்.

"ஏண்டி, கேக்கறதுதான் கேக்கற, கறவைப் பசு ஒண்ணு கேளேன்!" என்பேன். "பசு இருக்கே அக்கா, புத்திதான் இல்ல" என்று சிரிப்பாள். அவள் புருஷன் டோக்டோசுனும் விசுவாசிதான். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் கடப்பாரையோடு முதலில் போய் நிற்பவன். எங்கள் நாரின் மலையூர்க் குளிரில் பூமி இரும்பாய்க் கிடக்கும், இவன் அசரமாட்டான். தன் தாய்க்கும் அவன்தான் குழி தோண்டினான்.

நுரையீரல் கெட்டு, தை மாதக் குளிரில் அவனே போய்விட்டான். "அம்மா பக்கத்துல படுக்க வையுங்க" என்பதுதான் கடைசியாகக் கேட்டது. பிரேதத்தை முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் கிடத்தினோம். குழி தோண்ட ஒருவனும் வரவில்லை. மதம் மாறியவனுக்கு ஊர் முஸ்லிம்களின் மையவாடியில் இடமில்லையாம்.

செத்தவனுடைய அண்ணன் பெய்ஷென் இமாமைக் கூட்டி வந்தான். இமாம் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, கடைசி மூச்சுல கலிமா சொல்லி இஸ்லாத்துக்குத் திரும்பிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கேட்டது நீதான், நான் இல்ல. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சொல்லித் தொலையேண்டி! செத்தவன் ஆசைடி!" என்று நானும் காதைக் கடித்தேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் கூடாரத்துக்குப் பின்னால் போனாள். பனியில் முழங்கால் போட்டு நெடுநேரம் அதே ஜெபத்தைச் சொன்னாள். திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"அவர் திரும்பல ஐயா. இயேசு பேரைச் சொல்லித்தான் கண்ணை மூடினார். அவர் பேர்ல நான் பொய் சொல்லமாட்டேன்."

"கூடப் பொறந்தவனை நாய் மாதிரி வெளியில போட வெச்சிட்டியே, பாவி!" என்று பெய்ஷென் கத்தினான். இமாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

எங்கள் சாவில் பெண்கள் குழிமேட்டுக்குப் போவதில்லை. நாங்கள் போனோம். பழைய ஆட்டுப்பட்டிக்கு அப்பால், கல்லுக்காட்டில், வேதம் படிக்கக் கூடும் நாலு பொம்பளைகள் அவனுடைய கடப்பாரையாலேயே தோண்டினோம். என் கை கிழிந்து ரத்தம் வந்தது. இவன் தோண்டிய குழிகளில் தங்கள் அப்பனையும் ஆத்தாளையும் இறக்கிய ஆண்பிள்ளைகள் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நல்லாயிருப்பார்களா!

அடக்கத்துக்கு முன், "இவன் எப்படிப்பட்ட மனுஷன்?" என்று இமாம் கேட்பதும், "நல்ல மனுஷன்" என்று கூட்டம் சொல்வதும் எங்கள் வழக்கம். குதிரை திருடியவனுக்கும் கூசாமல் சொல்வார்கள். போன வருஷம்கூடச் சொன்னார்கள்.

சைராகான் சாலையைப் பார்த்துத் திரும்பினாள். "இவர் எப்படிப்பட்ட மனுஷன்?" என்று தொண்டை கிழியக் கேட்டாள்.

பெய்ஷென் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், நடந்துவிட்டான். நாங்கள் நாலு பேரும்தான் பதில் சொன்னோம். காற்று அதைச் சாலைவரை கொண்டுபோனதா, தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை அவள் வந்தாள். புண்ணான கைகளைக் கூப்பி, "தேவனே, ஞானம் கொடும்" என்றாள். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.